பதினேழு தடவை அழுத்திய பொத்தான்

அத்தியாயம் 4

டீச்சருடைய அலுவலகத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, போன் எடுப்பது. இரண்டு, வருகிறவர்கள் ஒரு மணி நேரம் புலம்புவதை இரண்டு வரியாகச் சுருக்கி டீச்சரிடம் சொல்வது. இரண்டாவது வேலையில் நான் பெரிய கில்லாடி என்று எனக்கு நினைப்பு. அதனால்தான் டீச்சர் எனக்குச் 'சுருக்கெழுத்து' என்று பெயர் வைத்திருந்தார். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். விடை சரியாக வரும்வரை எதையும் நம்ப மாட்டார், என்னையும் சேர்த்துத்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

அவளுடைய அப்பா கல் குவாரியில் மலைக் காவல்காரர். மலையுச்சியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பாறைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. பாறை அசைந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கீழே கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காதில் மூன்று 'பீப்' கேட்கும். அவர் உடனே சங்கை ஒலிக்கவிடுவார். பள்ளத்தில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடிவிடுவார்கள். எட்டு நாளைக்கு முன்னால், காலை பத்தரைக்குத் திடீரென்று பிடித்துக் கொட்டிய மழையில் பாறை சரிந்தது. சங்கு ஒலிக்கவில்லை. பள்ளத்தில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. அந்த டிரைவர் இவளுடைய கணவர்.

பொத்தானைப் பதினேழு தடவை அழுத்தினேன் என்கிறார் அப்பா. காவல்காரர் தூங்கிவிட்டார் என்கிறது கம்பெனி. இப்போது அவரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். 'தூங்கிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மருமகனின் வைத்தியத்தைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறாராம். கிழவர் மனம் இளகிவிட்டது. மாலை நாலு மணிக்குக் கையெழுத்து.

"அவர் ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரான்னு கேக்க நான் வரல மேடம்," என்றாள். "எங்கப்பா தூங்கித்தான் என் வீட்டுக்காரர் கால் போச்சா, எனக்கு அது தெரியணும். எட்டு நாளா நான் அப்பாவைப் போய்ப் பார்க்கல. தூங்கலன்னா அவர் முகத்தைப் பார்க்கணும். தூங்கியிருந்தார்னா இனி பார்க்கவே மாட்டேன்."

டீச்சர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டு இன்னும் ஒரு விஷயம் சொன்னாள். விபத்துக்கு முன்னாலேயே அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம், மழை வந்தால் தன் சிக்னலை யாரோ விழுங்கிவிடுகிறார்கள் என்று. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால், இதே மேஜையில், இதே போனில். இருமி இருமிப் பேசிய ஒரு பெரியவர். "கண்டிப்பா டீச்சர்கிட்ட சொல்றேன் ஐயா" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, நோட்டில் இப்படி எழுதினேன்: 'சிக்னல் விழுங்கும் பூதம். தேவையில்லை.' எழுதிவிட்டு நானே ரசித்து வேறு சிரித்தேன்.

அந்தப் பெண் படியிறங்கிப் போனதும் டீச்சர் கைப்பையை எடுக்க உள்ளே போனார். நான் அந்த நோட்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்தேன். அன்று முழுக்க அது நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

குவாரியின் கட்டுப்பாட்டு அறை ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள சின்ன அறை. ஹெட்போன்காரருக்கு ஐம்பது வயது. சாதுவான மனிதர். தன் நாற்காலியை டீச்சருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். எதைக் கேட்டாலும் காட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். ஏனென்றால் ஹெட்போனில் வருவதெல்லாம் பதிவாகும், அந்தப் பதிவு அவர்கள் கட்சிக்குச் சாதகம். விபத்து நடந்தது பத்து நாற்பத்தேழுக்கு. அதற்கு முந்தைய ஏழு நிமிடத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பீப் கூட இல்லை. சுத்தமான நிசப்தம்.

"தூங்கினார்னா குறட்டையாவது கேக்கணுமே டீச்சர்," என்றேன். பயந்தால் எனக்கு வாய் நீளும். சொன்ன பிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு மழை நாளின் பதிவைக் கேட்டார். ஹெட்போன்காரர் தயங்கித் தயங்கி அதைத் தேடிப் போட்டார். அதில் ஒரே இரைச்சல். காய்ந்த சருகுக் குவியலில் யாரோ ஓயாமல் நடப்பதுபோல் இருந்தது. அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஒரு மூலையில் மெல்லியதாக மூன்று பீப். தினமும் காலை பத்து மணிக்குக் காவல்காரர் ஒரு தடவை பொத்தானை அழுத்திச் சோதிப்பார். ஹெட்போன்காரர் பதிலுக்கு உச்சியில் ஒரு விளக்கை மினுக்குவார். அந்தச் சோதனைதான் அது.

"அன்னைக்கும் மழை, விபத்தன்னைக்கும் மழை," என்றார் டீச்சர். "அன்னைக்கு அவ்வளவு இரைச்சல். இந்தத் தடவை மழைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு அடக்கம்?"

ஹெட்போன்காரர் விசிறியைப் பார்த்தார். டீச்சர் அவருடைய தினக்குறிப்பைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: 'இரைச்சல் அதிகம். தலைவலி.' இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாளோடு அந்த வரி நின்றுபோயிருந்தது. மேஜையில் ஒரு தலைவலி மாத்திரை அட்டை கிடந்தது. மேலே விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நடுமேட்டில் இருக்கும் சிக்னல் பெட்டியின் சாவி மட்டும் வேண்டும் என்றார்.

உச்சியில் இருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோ அலை நேராக வராது. இடையில் மலை மடிப்பு மறைக்கிறது. அதனால் நடுமேட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உச்சியில் இருந்து வருவதை வாங்கிக் கீழே அனுப்புவதுதான் அதன் வேலை. சாவிப் பலகையில் பன்னிரண்டு சாவிகள் தொங்கின. சீட்டுகளில் எழுத்து அழிந்து வெகுநாளாகிவிட்டது. பெட்டிப் பக்கம் போவது மெக்கானிக்கின் வேலை என்றும், முழங்கால் வலியால் தான் அந்த மேட்டில் ஏறியதே இல்லை என்றும் சொல்லிக்கொண்டே, ஹெட்போன்காரர் கை நீட்டி ஏழாவது சாவியை எடுத்துக் கொடுத்தார். தேடவே இல்லை.

வெளியே வந்ததும் டீச்சர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அடுத்தவன் திருட்டைக் கண்டுபிடித்ததில் வரவேண்டிய சந்தோஷம் எனக்கு அன்று வரவே இல்லை.

மேட்டுப் பாதை செங்குத்து. எனக்கு மூச்சு வாங்கியது. டீச்சர் ஏதோ வகுப்புக்குப் போவதுபோல் நிதானமாக ஏறினார். பாதி வழியில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "நான் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்றேன். நீ அதை அடுத்த தெருவுல இருக்கிறவர்கிட்ட சேர்க்கணும். எத்தனை விதமா சேர்க்கலாம்?"

அவர் சொன்னதை அப்படியே, இருமல் தும்மல் உட்பட, சத்தத்தைக் கூட்டிக் கத்தலாம் என்றேன். இல்லாவிட்டால் கேட்டு, புரிந்துகொண்டு, சுத்தமாக என் வார்த்தையில் சொல்லலாம்.

"எது நல்லது?"

"ரெண்டாவதுதான் டீச்சர். கேக்கிறவங்களுக்குத் தலைவலி இல்ல. என் பொழப்பே அதானே."

"உனக்குப் புரியலன்னா?"

நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"முதல் ஆள் புரியாட்டியும் கத்திடுவான்," என்றார் டீச்சர். "இரைச்சலோட சேர்ந்தாவது விஷயம் போய்ச் சேரும். ரெண்டாவது ஆள், தனக்குப் புரியலன்னா ஒண்ணுமே இல்லன்னு விட்டுடுவான். மூணாவதா ஒரு வழி இருக்கு. கேட்டதைச் சுருக்கி, இந்த இடம் எனக்குச் சரியா புரியல, நீங்க பார்த்துக்குங்கன்னு சேர்த்துச் சொல்றது. அதுக்குக் கொஞ்சம் அடக்கம் வேணும்."

அவர் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டி ஒரு கம்பத்தில் தோள் உயரத்தில் இருந்தது. திறந்தோம். உள்ளே ஒரு சின்ன விசை. ஒன்றில் வைத்தால், வருவதை அப்படியே பெருக்கி அனுப்பும். இரண்டில் வைத்தால், வருவதைப் படித்துப் பார்த்து, அடையாளம் தெரிந்ததை மட்டும் புதிதாக, சுத்தமாக அனுப்பும். தெரியாததைக் கழித்துவிடும். கதவின் உட்புறத்தில் இதையெல்லாம் படம் போட்டே ஒட்டியிருந்தார்கள். விசை இரண்டில் நின்றது.

மழையில் அலை தேய்ந்து வரும். தேய்ந்து வந்ததைப் பெட்டியால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததைக் குப்பை என்று முடிவு கட்டிவிட்டது. ஆனால் ஒரு நல்ல பழக்கம் அதற்கு இருந்தது. எதைக் கழித்தாலும் தேதி, நேரம் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். டீச்சர் அந்தச் சின்னத் திரையில் விரலை வைத்து, பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாக எண்ணினார். விபத்து நாளில் பத்து நாற்பத்தொன்றில் ஆரம்பித்துப் பத்து நாற்பத்தாறுவரை. படிக்க முடியவில்லை, கழித்தாயிற்று. படிக்க முடியவில்லை, கழித்தாயிற்று. மொத்தம் பதினேழு.

பதினாறு இல்லை, பதினெட்டும் இல்லை. கிழவர் சொன்ன கணக்கு அப்படியே இருந்தது.

"இதுக்கு மேல ஒரு மூணு இருக்கு பாரு," என்றார் டீச்சர். "ஒரு மாசத்துக்கு முந்தி, காலை பத்து மணி. அன்னைக்கும் மழை. சோதனைக்கு மூணு தடவை அழுத்தியிருக்கார். விளக்கு மினுங்கல. அன்னைக்கு யாராவது இங்க ஏறி வந்து இந்தக் கதவைத் திறந்திருந்தா போதும். ஒரு விசையைத் திருப்புற வேலை."

அந்தத் தேதி என் நோட்டிலும் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வெயில் ஏறுது டீச்சர்," என்றுதான் வெளியே வந்தது.

கீழே இறங்கியதும் டீச்சர் ஹெட்போன்காரரிடம் விசையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க தலைவலி எப்ப நின்னது?" என்று மட்டும் கேட்டார். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து வருட இரைச்சல் அவர் காதில் குடியேறியிருந்தது. வீட்டில் மனைவி கூப்பிட்டாலும் இரைச்சலுக்கு நடுவில்தான் கேட்குமாம். மெக்கானிக்கிடம் ஆறு மாதம் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஒருநாள் முழங்கால் வலியோடு தானே ஏறிப்போய் விசையைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து காதுக்குள் அமைதி. வெயில் நாளில் மூன்று பீப்பும் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தன. அந்த மழை நாளில் சோதனை வராதபோது, 'காவல்காரர் தாமதம்' என்று குறிப்பு எழுதினாரே தவிரப் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பேசுகிற பெட்டி எதையும் மறைக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"பழைய இரைச்சலா இருந்திருந்தா என் காது அந்தப் பதினேழுல ஒண்ணையாவது பிடிச்சிருக்கும் மேடம்," என்றார். "எட்டு நாளா சந்தேகம் இருந்துச்சு. மேல போய்ப் பார்த்தா உறுதியாயிடுமேன்னு போகாம இருந்தேன். அந்த அமைதியைக் கேட்டுக்கிட்டே இங்க உக்காந்திருந்தேன்."

நாலு மணிக்குள் வந்து இதை ஸ்டேஷனில் சொல்ல முடியுமா என்று டீச்சர் கேட்டார். அவர் மறுபேச்சு இல்லாமல் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லிவிடப் போகிறாரே.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மூன்று நாற்பது. இன்ஸ்பெக்டர் மேஜைமேல் எழுதிவைத்த காகிதம் தயாராக இருந்தது. பக்கத்தில் மேனேஜர். பெஞ்சில் காவல்காரர். ஒல்லியான மனிதர், தொப்பியை மடியில் வைத்திருந்தார். வாசல் நிலையோரம் மகள் நின்றிருந்தாள், உள்ளே வராமல். நான் தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். என் குரல் அவருக்குத் தெரியும். எனவே அன்று நான் ஊமை. இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டபோதுகூட அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

டீச்சர் பெட்டித் திரையைப் படம் எடுத்துவந்திருந்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஹெட்போன்காரர், "விசையைத் திருப்பினது நான்தான்" என்று சொல்லி மேஜைமுன் போய் நின்றார். பொத்தானை அழுத்தியதற்குச் சாட்சி பெட்டியே என்று ஆனதும், மேனேஜர் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டார்.

காவல்காரர் யாரையும் கோபமாகப் பார்க்கவில்லை. டீச்சரிடம், "பதினேழுதானேம்மா?" என்று கேட்டார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூங்கிக் கனவுல அழுத்தினேனோன்னு."

"பதினேழுதான் ஐயா. நான் எண்ணிட்டேன்," என்றார் டீச்சர்.

மகள் உள்ளே வந்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அத்தோடு நாங்கள் கிளம்பியிருக்கலாம். கணக்கு முடிந்துவிட்டது. நான் வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தும் விட்டேன்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர், முன்பே சந்தேகம் இருந்தால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கிழவரைக் கேட்டார். சொன்னேனே என்றார் அவர். மேஸ்திரியிடம் சொன்னாராம், மெக்கானிக்கிடம் சொன்னாராம், போர்டில் நம்பர் பார்த்து ஒரு துப்பறியும் அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னாராம்.

"அங்க ஒரு தம்பி எடுத்தார். ரொம்ப மரியாதையான புள்ள. கண்டிப்பா சொல்றேன்னார். அவர் சொல்லியிருப்பார். அங்க இருக்கிற பெரியவங்கதான் காதுல போட்டுக்கல போல."

டீச்சர் ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. "அந்தப் பெரியவ நான்தான் ஐயா," என்றார். "காதுல போட்டுக்காதது என் தப்பு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒருநாளும் மேஜையை ஒழுங்குபடுத்தாதவன் காலையில் ஒரே ஒரு நோட்டை மட்டும் எடுத்துப் பூட்டியதை டீச்சர் பார்க்காமலா இருந்திருப்பார். மேட்டில் ஏறும்போதே தெரிந்திருக்கிறது. ஒருவேளை படியிறங்கும்போதே. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். எட்டு நாள் ஹெட்போன்காரர் செய்ததும் அதைத்தான்.

"ஐயா," என்றேன். "டீச்சர்கிட்ட நான் சொல்லவே இல்ல."

கிழவர் தலையைத் தூக்கினார். குரலை அவர் கண்டுகொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மகள் அப்பாவின் கையை விடாமலே என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா அன்னைக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "சுருக்கமா வேண்டாம். அப்படியே சொல்லுங்க."

நோட்டில் அது இல்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. தூணை விட்டு நகர்ந்து, நடுக்கூடத்தில் நின்று, இருமல் வந்த இடத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"தம்பி, நான் மலைக் காவல்காரன் பேசறேன். மழை வந்தா என் சிக்னலை யாரோ முழுங்குறாங்க. இன்னைக்குக் காலையில மூணு தடவை அழுத்தினேன், விளக்கு மினுங்கல. சொன்னா சிரிக்கிறாங்க. உங்க டீச்சர் கணக்குத் தெரிஞ்சவங்கன்னு கேள்விப்பட்டேன், ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லுங்க. எனக்காகக் கேக்கல தம்பி. கீழ பள்ளத்துல என் மருமகன் வண்டி ஓட்டறான்."